செல்வ நாட்டில் எழுந்த வினா

நுழையும்முன்

பிற நாடுகளுக்குச் செல்வோர் பலர் அங்குக் கண்டவற்றை வியந்து திரும்புவர். சிலரோ, அங்கு நின்றபடியே தம் நாட்டைத் திரும்பிப் பார்ப்பர். தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்கியல் கற்று, அமெரிக்காவில் பொருளியல் பயின்ற தமிழர் ஒருவர் அவ்வாறு திரும்பிப் பார்த்தபோது அவருள் ஒரு வினா எழுந்தது. அதற்கு விடை தேடுவதிலேயே அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது. காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வாழ்வையும் அமெரிக்க மண்ணில் அவர் பெற்ற தெளிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கணக்கர் ஒருவர்

கணக்கேட்டில் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று வரவு, மற்றொன்று செலவு. இரண்டும் பொருந்தினால் கணக்கர் கையொப்பமிட்டு ஏட்டை மூடிவிடுவார். அந்த வரவு யாருடைய உழைப்பில் விளைந்தது, அந்தச் செலவால் யார் வாழ்ந்தார், யார் தாழ்ந்தார் என்று ஏடு சொல்வதில்லை, கணக்கரும் கேட்பதில்லை. அவ்வாறு கேட்ட கணக்கர்களுள் தலையாயவர் குமரப்பா.

அவர் 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குமரப்பா என்பது அவர்தம் குடும்பத்தின் பழைய பெயர். தந்தையார் பொதுப்பணித்துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் இறைப்பற்றும் ஈகைக் குணமும் நிறைந்தவர். கல்வியில் சிறந்த இக்கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த உடன்பிறந்தார் பலரும் புகழ்பெற்றனர். தம்பி பரதன் குமரப்பாவும் பின்னாளில் காந்தியடிகளின் பணிகளில் ஈடுபட்டார்.

செல்லதுரை இளமையிலேயே இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைக் கல்வி பயின்றார். முதல் உலகப்போர் முடிந்தபின் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். நல்ல வருவாய், ஆங்கிலேய நடையுடை, நேரந்தவறாத ஒழுங்கு ஆகியவை அவருடைய அந்நாளைய வாழ்வின் அடையாளங்கள். ஆங்கில ஆட்சி இந்தியாவுக்கு நன்மையே செய்கிறது என்று கருதிய படித்த வகுப்பினருள் அவரும் ஒருவராக இருந்தார். அந்த எண்ணத்தை மாற்றியது ஓர் அமெரிக்கப் பயணம்.

செல்வம் கொழித்த நாடு

1927ஆம் ஆண்டு குமரப்பா ஓய்வு நாடி அமெரிக்கா சென்றார். ஓய்ந்திருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. எனவே, நியூயார்க் மாநிலத்திலுள்ள சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1928இல் வணிக மேலாண்மையில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுநிலைக் கல்வியைத் தொடர்ந்தார்.

அவர் கண்ட அமெரிக்கா தன் செல்வத்தின் உச்சியில் நின்ற அமெரிக்கா. கால்வின் கூலிட்ஜ் குடியரசுத் தலைவராக இருந்த காலம் அது. நாட்டின் சாலைகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மோட்டார் வாகனங்கள் ஓடின. வானொலி வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்தது. 1927 மே மாதத்தில் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியொருவராய் வானூர்தியில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து மக்களின் தலைவரானார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான தி ஜாஸ் சிங்கர் என்னும் திரைப்படம், அதுவரை ஊமையாக இருந்த வெண்திரையைப் பேசவும் பாடவும் வைத்தது. கையில் பணம் இல்லாதவரும் தவணை முறையில் பொருள் வாங்கலாம் என்று விளம்பரங்கள் அழைத்தன. பங்குச் சந்தையில் விலைகள் நாள்தோறும் ஏறின. வளம் என்றும் குன்றாது என்னும் நம்பிக்கை நாடெங்கும் பரவியிருந்தது.

அதே நாட்டுக்கு இன்னொரு முகமும் இருந்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம் ஆசியர்க்கு வாயிலை அடைத்தது. 1927இல் காதரின் மேயோ என்னும் அமெரிக்க எழுத்தாளர் மதர் இந்தியா என்னும் நூலை வெளியிட்டார். இந்தியரின் தாழ்வுக்கெல்லாம் அவர்தம் பழக்கவழக்கங்களே காரணம் என்றும், அவர்கள் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்றும் அந்நூல் சாற்றியது. அமெரிக்காவில் அது பெருவாரியாக விற்பனையாயிற்று. காந்தியடிகள் உள்ளிட்ட பலர் அதனை மறுத்து எழுதினர். இந்தியா ஏழை நாடு என்பதும், அதற்கு இந்தியரே பொறுப்பு என்பதும் அமெரிக்கப் பொதுமக்கள் பலருடைய மனத்தில் பதிந்திருந்த காலத்தில்தான் குமரப்பா அங்கு மாணவராக இருந்தார்.

ஒரு சொற்பொழிவு, ஓர் ஆசிரியர்

அந்நாளில் அமெரிக்கத் தேவாலயங்கள் வழிபாட்டிடங்களாக மட்டுமின்றிப் பொதுச்செய்திகளைப் பேசும் மன்றங்களாகவும் விளங்கின. அத்தகைய தேவாலயம் ஒன்றில் உரையாற்ற 1928இல் குமரப்பா அழைக்கப்பட்டார். இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவ்வுரை பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதனைப் படித்தவர்களுள் ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் குமரப்பாவுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் எட்வின் செலிக்மன். அரசின் வரவு செலவைப் பற்றிய ஆய்வில் அவர் உலகறிந்த வல்லுநர்.

தம் மாணவர் மேடையில் எழுப்பிய வினாவை ஆய்வாகவே மேற்கொள்ளுமாறு செலிக்மன் அறிவுறுத்தினார். குமரப்பா வேறொரு தலைப்பில் ஆய்வு செய்ய எண்ணியிருந்தார். ஆசிரியரின் சொற்படி அதனை விடுத்து, அரசின் நிதி நடைமுறைக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராயத் தொடங்கினார்.

இதே பேராசிரியரிடம் சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பயின்ற மற்றோர் இந்தியர் அண்ணல் அம்பேத்கர். பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி பற்றி அம்பேத்கர் எழுதி 1925இல் வெளிவந்த நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் செலிக்மனே. இந்தியாவின் இருவேறு சிந்தனைத் தடங்களுக்கு உரிய இருவர், ஒரே அமெரிக்க வகுப்பறையில் அரசின் கணக்கைப் படிக்கக் கற்றனர் என்பது எண்ணத்தக்கது.

வரியும் வறுமையும்

வரி என்பது அமெரிக்க வரலாற்றில் பெருமாற்றங்களுக்கு வித்திட்ட சொல். தம் பேராளர் இல்லாத நாடாளுமன்றம் தம்மீது வரி விதிப்பதை எதிர்த்தே அந்நாட்டுக் குடியேற்ற மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1773இல் போஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய தேயிலை, அப்போது வங்காளத்தில் வரி தண்டிக்கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கும்பினிக்கு உரியது. அடிமை முறைக்கும் மெக்சிகப் போருக்கும் துணைபோகும் அரசுக்கு வரி செலுத்த மறுத்து 1846இல் ஓரிரவு சிறையிலிருந்தவர் ஹென்றி டேவிட் தோரோ. அவர் எழுதிய கட்டுரை காந்தியடிகளின் சட்டமறுப்புச் சிந்தனைக்கு வலுவூட்டியது. விடுதலையின் வரலாற்றை வரியின் வரலாறாகவும் படிக்கலாம் என்பதற்கு அந்நாடே சான்று.

குமரப்பா இந்தியாவின் கணக்கேட்டைத் திறந்தார். உழவரிடமிருந்து நிலவரியும், ஏழைகளிடமிருந்து உப்புவரியும் தவறாது வாங்கப்பட்டன. அவ்வாறு திரண்ட பொருள் எங்கே சென்றது என்று அவர் தொடர்ந்து சென்று பார்த்தார். படைக்கும், உயர் அலுவலர்தம் ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும், இங்கிலாந்தில் வாங்கிய கடனுக்கான வட்டிக்கும் அதில் பெரும்பங்கு போயிற்று. கல்விக்கும் நலவாழ்வுக்கும் உழவுக்கும் கிடைத்தது சிறுபங்கே. பள்ளிக்கும் பாசனத்துக்கும் செலவிட்ட பணம் மக்களிடமே திரும்பி வந்து அவர்தம் உழைப்பை வளர்க்கும். கடல் கடந்து போன பணம் திரும்புவதில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு வடிந்துகொண்டே இருந்தால், எத்துணை உழைத்தாலும் நாடு மெலியும்.

இந்த விடையைக் கண்டடைந்தபோது குமரப்பா தம்மையே மாற்றிக்கொள்ள வேண்டியவரானார். ஆங்கில ஆட்சியை நல்லாட்சி என்று நம்பியவர், அந்த ஆட்சியின் கணக்கைக்கொண்டே அந்த நம்பிக்கையைக் கைவிட்டார். கொர்னேலியஸ் என்னும் பெயரை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பெயரை ஏற்றதும் 1929ஆம் ஆண்டில்தான்.

சபர்மதியில் ஒரு பிற்பகல்

முதுநிலைப் பட்டத்துடன் நாடு திரும்பிய குமரப்பா தம் ஆய்வை நூலாக வெளியிட விரும்பினார். காந்தியடிகளிடம் அதனைக் காட்டுமாறு நண்பர்கள் கூறினர். ஆய்வேட்டைப் படித்த காந்தியடிகள் அவரைச் சபர்மதி ஆசிரமத்துக்கு வரவழைத்தார்.

1929 மே 9ஆம் நாள். குமரப்பா குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். மேனாட்டு உடை, கையில் ஊன்றுகோல். ஆற்றங்கரையில் உலவியவர், மர நிழலில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். இராட்டையை அதுவரை பார்த்தறியாத குமரப்பா, ஊன்றுகோலில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்து நின்றார். சிறிது நேரங்கழித்து அம்முதியவர் அவர்தாம் குமரப்பாவா என்று வினவினார். அப்போதுதான் தம் எதிரில் இருப்பவர் யார் என்பது குமரப்பாவுக்கு விளங்கியது. மறுகணமே, மடிப்புக் கலையாத தம் உடையைப் பொருட்படுத்தாமல் அவரும் தரையில் அமர்ந்தார். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்தபோதும் எழ மறுத்துவிட்டார்.

அவருடைய ஆய்வை யங் இந்தியா இதழில் தொடராக வெளியிடக் காந்தியடிகள் விழைந்தார். கூடவே வேறொரு பணியையும் கொடுத்தார். குசராத்துச் சிற்றூர்களின் பொருளாதார நிலையை நேரில் ஆராய வேண்டும் என்பதே அது. தமக்குக் குசராத்தி தெரியாதே என்று குமரப்பா தயங்கினார். குசராத் வித்யாபீட மாணவர்கள் துணை நிற்பார்கள் என்று கூறிக் காந்தியடிகள் அவரை அனுப்பிவைத்தார்.

கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராக, வீடு வீடாக அந்த ஆய்வு நடந்தது. விளைச்சல் எவ்வளவு, கடன் எவ்வளவு, வரி எவ்வளவு, உண்ண எஞ்சியது எவ்வளவு என்று உழவர்களிடமே கேட்டு எழுதினர். நியூயார்க் நூலகத்தில் எண்களாகக் கண்ட வறுமை, இப்போது குமரப்பாவின் கண்முன் மனித முகங்களோடு நின்றது. இந்தியாவில் சிற்றூர்ப் பொருளாதாரம் பற்றிய கள ஆய்வுகளுள் அது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

சிறையும் தொண்டும்

1930இல் உப்பு அறப்போர் தொடங்கியது. குமரப்பா யங் இந்தியா இதழின் பணியை ஏற்றார். அதன் எழுத்துகளுக்காகச் சிறை சென்றார். 1931இல் காங்கிரசுப் பேரியக்கம், இந்தியாவின் பெயரில் இங்கிலாந்து சுமத்திய பொதுக்கடனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் அமைப்பாளராகக் குமரப்பா செயலாற்றினார். பேரரசின் நலனுக்காக நடந்த போர்களின் செலவை இந்திய மக்களின் தலையில் ஏற்றலாமா என்பது அக்குழு எழுப்பிய அடிப்படை வினா. மறு ஆண்டு மீண்டும் சிறைவாசம்.

1934 சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் அளித்த நிதி மக்களுக்கே சேரவேண்டும் என்பதில் அவர் அணுவளவும் தளரவில்லை. அங்கு வந்த காந்தியடிகளின் குழுவினருக்கான செலவைக்கூட அந்நிதியிலிருந்து தர இயலாது என்று கூறிவிட்டார். காந்தியடிகள் அந்த உறுதியை மதித்தார். தாம் பெரிதும் போற்றிய ஒருவருக்காகவும் கணக்கை வளைக்காத நேர்மையே குமரப்பாவின் தனி இயல்பு.

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். மகன்வாடி என்னும் வளாகத்தில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைவினைத் தாள், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவற்றில் ஆய்வுகளும் பயிற்சிகளும் நடந்தன. கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். பனையோ தரிசிலும் தானே வளரும். பனையிலிருந்து இனிப்பைப் பெற்றால் கரும்பு விளையும் நிலத்தில் உணவுத் தானியம் விளையுமே என்று அவர் கணக்கிட்டார். பழையதைப் போற்ற வேண்டும் என்னும் ஏக்கம் இதில் இல்லை. நிலம், நீர், உழைப்பு, உடல்நலம் ஆகிய நான்கையும் வரவு செலவில் சேர்த்தெழுதிய கணக்கு இது.

அமெரிக்காவின் வீழ்ச்சியும் ஒரு பாடமும்

குமரப்பா அமெரிக்காவை விட்டு வந்த அதே 1929ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. குன்றாது என்று நம்பிய வளம் குலைந்தது. வங்கிகள் மூடப்பட்டன, கோடிக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர், நகரங்களில் இலவச உணவுக்காக நீண்ட வரிசைகள் நின்றன. அதே காலத்தில் வேளாண் விளைபொருள்களின் விலையோ அடியோடு வீழ்ந்தது. விலையை உயர்த்தும் பொருட்டு 1933இல் அரசின் திட்டப்படி வயலில் நின்ற பருத்தி உழுது அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிகள் உரிய பருவத்துக்கு முன்பே கொல்லப்பட்டன. பசித்தவரும் இருந்தனர், பண்டமும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் வழிதான் இல்லை.

செல்வம் பெருகினால் வறுமை தானே நீங்கும் என்னும் எண்ணத்தை இந்நிகழ்வுகள் உலுக்கின. 1936இல் வெளிவந்த கிராம இயக்கம் ஏன்? என்னும் நூலிலும், பின்னர் எழுதிய நூல்களிலும் குமரப்பா இச்சிக்கலின் வேரை ஆராய்ந்தார். பெருந்திரளாகப் பண்டங்களை ஆக்கும் முறைக்குத் தொலைவிலிருந்து மூலப்பொருள் வேண்டும். ஆக்கியதை விற்கத் தொலைவிலே சந்தையும் வேண்டும். இரண்டையும் காக்கப் படை வேண்டும். எனவே, அம்முறை நாளடைவில் போருக்கு இட்டுச்செல்லும் என்பது அவர் கண்ட முடிவு.

வாங்குபவருக்கும் இதில் பொறுப்புண்டு என்றார் அவர். ஒரு கொக்கோ டப்பாவை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அதன் கொட்டை ஆப்பிரிக்கத் தோட்டம் ஒன்றில் அடிமைபோல் நடத்தப்படும் உழைப்பாளிகளால் பறிக்கப்பட்டிருந்தால், விலை கொடுத்து வாங்கியவரும் அக்கொடுமையில் பங்குடையவராகிறார். விலைச்சீட்டில் பணம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதன் பின்னுள்ள கண்ணீர் எழுதப்பட்டிருக்காது. விளம்பரங்கள் தேவைகளைப் பெருக்கிக் காட்டும் வாழ்க்கையை உயர்ந்த வாழ்க்கைத்தரம் என்று கூறும் வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. அது சிக்கல் மிகுந்த வாழ்க்கையே. எளிய வாழ்க்கை தாழ்ந்ததுமன்று என்று வேறுபடுத்திக் காட்டினார்.

நிலைத்த பொருளாதாரம்

இரண்டாம் உலகப்போரின்போது ஆங்கில அரசு தாள் பணத்தை மேன்மேலும் அச்சிட்டு, அதனைக் கொடுத்து மக்களிடமிருந்து உணவையும் பண்டங்களையும் வாங்கியது. அப்பத்துக்குப் பதிலாகக் கல்லைக் கொடுப்பதற்கு ஒப்பானது இச்செயல் என்று குமரப்பா 1942இல் எழுதினார். மீண்டும் சிறை அவரை அழைத்தது. சபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய நூலே நிலைத்த பொருளாதாரம். இயேசுபிரானின் வாழ்வும் வாக்கும் பற்றிய மற்றொரு நூலையும் அங்கேயே எழுதினார். இவற்றைப் படித்த காந்தியடிகள் தம் முன்னுரையில் அவரைக் கிராமத் தொழில்களின் முனைவர் எனப் போற்றினார்.

உயிர்களின் வாழ்க்கை முறையைக்கொண்டு பொருளாதார நெறிகளை ஐந்தாகப் பகுத்தார் குமரப்பா. தன் இரையைக் கொன்றே வாழும் புலியின் வழி ஒன்று. தான் நடாத தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கின் வழி மற்றொன்று. தானே உழைத்துக் கூடு கட்டும் பறவையின் வழி மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீயின் வழி நான்காவது. கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் வழி ஐந்தாவது. மனிதர் முதற்படியிலிருந்து ஐந்தாம் படிக்கு ஏறுவதே நாகரிக வளர்ச்சி என்பது அவர்தம் கொள்கை.

இயற்கை வளத்தையும் அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, கல்லெண்ணெய், கனிமம் ஆகியவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கவளம். மரம், பயிர், ஓடும் நீர் ஆகியவை முறையாகப் பேணினால் மீண்டும் மீண்டும் கிடைக்கும் ஓட்டவளம். தேக்கவளத்தை நம்பிய நாடுகள் அது குறையுந்தோறும் ஒன்றோடொன்று மோதும். ஓட்டவளத்தை நம்பிய வாழ்வில் அமைதி நிலைக்கும் என்றார்.

இக்கருத்தை நம் ஊர்களில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் போன்ற வானம் பார்த்த ஊர்களைக் கருதுவோம். பெருமழை பெய்யும் சில நாள்களின் நீரைக் கண்மாயில் தேக்கி, ஆண்டு முழுதும் பயன்கொள்ளும் அறிவை நம் முன்னோர் பெற்றிருந்தனர். கரையை உயர்த்தி, வரத்துக்காலைத் தூர்வாரி, மடையைக் காத்தால் கண்மாய் ஒவ்வொரு மழைக்கும் நிறையும். அது ஓட்டவளம். கண்மாயைக் கைவிட்டு ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பினால், பல காலமாய்ச் சேர்ந்த நிலத்தடி நீரைச் சில ஆண்டுகளில் இறைத்துவிடுவோம். அப்போது கண்மாயும் தேக்கவளமும் ஒருங்கே கைநழுவும். நியூயார்க்கில் தொடங்கிய சிந்தனை நம் ஊர்க் கண்மாய்க் கரைவரை வந்து சேர்வதை இங்கே காண்கிறோம்.

கல்லுப்பட்டியில்

விடுதலைக்குப் பின்னர், காங்கிரசு அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். உழுபவர்க்கே நிலம் உரியதாக வேண்டும் என்று அக்குழு 1949இல் பரிந்துரைத்தது. பதவிகளை நாடும் வாய்ப்புகள் இருந்தும் அவர் அவற்றின் பக்கம் திரும்பவில்லை. 1952இல் அமெரிக்காவின் நிதியுதவியோடு சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நாட்டில் பலரும் அதனை வரவேற்றனர். சிற்றூர்கள் தம் உழைப்பாலும் தம் வளத்தாலும் எழ வேண்டுமேயன்றிப் பிற நாட்டுப் பணத்தை நம்பி எழலாகாது என்பதில் குமரப்பா உறுதியாக நின்றார். தம் அறிவுக்குக் கூர்மை தந்த நாடு என்பதற்காக அதன் வழியையெல்லாம் அவர் ஏற்கவில்லை. அதன் வழியை ஏற்கவில்லை என்பதற்காக அங்குக் கற்ற ஆய்வு முறையைக் கைவிடவுமில்லை.

உடல்நலம் குன்றிய நிலையில், மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் அமைந்த காந்தி நிகேதன் ஆசிரமத்தில் அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். அங்கிருந்த எளிய குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஏழை உழவர் ஒருவரின் படத்தையும் மாட்டியிருந்தார். காந்தியடிகள் தம் தலைவர் என்றும், அந்த உழவரோ தம் தலைவருக்கும் தலைவர் என்றும் வந்தவர்களிடம் கூறுவார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பாவும் மறைந்தார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், சிறியதே அழகு என்னும் புகழ்பெற்ற நூலை எழுதிய பொருளியலறிஞர் ஷூமாக்கர், அதில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டார். கல்லெண்ணெய்த் தட்டுப்பாட்டால் உலகம் திகைத்த 1973ஆம் ஆண்டு அது. தேக்கவளம் தீரும் என்று சிறையிலிருந்து எழுதிய தமிழரின் கணக்கை உலகம் மீண்டும் திறந்து பார்க்கத் தொடங்கியது.

செல்வம் மிகுந்த நாட்டில் நின்று, தம் நாடு ஏன் ஏழையாயிற்று என்று குமரப்பா கேட்டார். வந்த விடை தம் வருவாயையும் உடையையும் பெயரையும் வாழ்க்கையையும் மாற்றச் சொன்னபோது அவர் தயங்கவில்லை. ஒரு பொருளை வாங்கும்போதும், ஒரு திட்டத்தைப் பாராட்டும்போதும், வரவு யாரிடமிருந்து வந்தது, செலவு யாருக்குப் போயிற்று என்று கேட்கும் பழக்கமே அவர் நமக்கு விட்டுச்சென்ற உடைமை.

தெரிந்து தெளிவோம்

குமரப்பாவின் குறிப்பிடத்தக்க நூல்கள்: பொது நிதியும் நம் வறுமையும், மாத்தர் வட்ட ஆய்வு, கிராம இயக்கம் ஏன்?, நிலைத்த பொருளாதாரம். இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் வாங்கும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் உங்கள் ஊரில் விளைந்தவை, தொலைவிலிருந்து வந்தவை எனப் பிரித்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரிலுள்ள கண்மாய், குளம் அல்லது ஏரியின் வரத்துக்கால், கரை, மடை ஆகியவற்றின் இன்றைய நிலையை நேரில் கண்டு, முதியோரிடம் கேட்டறிந்து, கள ஆய்வறிக்கை ஒன்று உருவாக்குக.

குறுவினா

1. குமரப்பாவின் ஆய்வுத் தலைப்பு மாறியதற்குக் காரணம் யாது?

2. தேக்கவளம், ஓட்டவளம் – வேறுபடுத்துக.

சிறுவினா

1. சபர்மதியில் குமரப்பா காந்தியடிகளைச் சந்தித்த நிகழ்வை விவரிக்க.

2. வாங்குபவருக்கும் பொறுப்புண்டு என்னும் குமரப்பாவின் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

அமெரிக்காவில் குமரப்பா பெற்ற தெளிவு அவருடைய வாழ்வையும் பொருளியல் சிந்தனையையும் எவ்வாறு உருவாக்கியது என்பதைப் பாடப்பகுதிவழி நிறுவுக.